ஏற்காடு, சேலம் நினைவுப்பொருள் சாக்ஸ்: ஓவியம் முதல் கடை வரை முழுமையான வழிகாட்டி

சேலம் கொலுசையோ ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவையோ சாக்ஸில் கொண்டுவர நினைக்கும் ஓவியர்களுக்கும், அதை நினைவுப்பொருளாக விற்க நினைக்கும் கடைக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். பழைய சுற்றுலாப் பட அட்டை, பெட்டியில் ஒட்டும் ஹோட்டல் லேபிள், கெட்டி அட்டை ரயில் டிக்கெட் ஆகியவற்றின் பாணியில் செய்யும் சாக்ஸ்தான் இங்கே பேச்சு.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது வேலையின் வரிசையில். அழகாக ஒரு படத்தை வரைந்து முடித்துவிட்டு, அப்புறம் அதைச் சாக்ஸுக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். அப்போது மாம்பழம் சப்பிப்போகும், எழுத்து உடையும், நிறம் பாதிக்கு மேல் கழியும். புள்ளி வைத்த பிறகுதான் கோலம். சாக்ஸிலும் ஊசிக் கணக்கு தெரிந்த பிறகுதான் படம்.

1. வரையும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாக்ஸ் பின்னித் தரும் யூனிட்டை முதலில் பிடியுங்கள். திருப்பூரிலும் லூதியானாவிலும் சாக்ஸ் யூனிட்கள் உண்டு. சேலத்துக்காரருக்குத் திருப்பூர் பக்கம் என்பதால், மிஷினை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு வந்தவர் வரையும் படத்துக்கும் பார்க்காதவர் வரையும் படத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அங்கே மூன்று பொருள் கேட்டு வாங்குங்கள். மிஷினின் ஊசி எண்ணிக்கை (காலைச் சுற்றி எத்தனை கண்ணி விழும் என்பதை அதுதான் முடிவு செய்யும்), யூனிட்டில் உள்ள நூல் நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டு, அதே மிஷினில் அதே நூலில் பின்னிய படமில்லாத ஒரு ஜோடி. இந்த வெற்று ஜோடிதான் உங்கள் அளவுகோல். இது கைக்கு வராமல் எந்தப் படமும் தொடங்க வேண்டாம்.

இவை போக ஓர் அளவு நாடா, கட்டம் கட்டமாக வரையக்கூடிய ஒரு மென்பொருள் வேண்டும். ஜிம்ப் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். பழைய அட்டை, டிக்கெட், லேபிள் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். கணினித் திரையில் பார்த்து வரைவதைவிடக் கையில் வைத்துப் பார்த்து வரைந்தால் அதன் நிறமும் எழுத்தின் கனமும் சரியாகப் பிடிபடும்.

2. யார், எதோடு போடுவார்கள் என்று முடிவு செய்யுங்கள்

சேலம் வெயிலில் செருப்போடு நடமாடுகிறவர்களே அதிகம். சாக்ஸ் போடுகிறவர்கள் அலுவலகம், கல்லூரி, பைக் பயணம் என்று ஷூ மாட்டுகிறவர்களும், ஏற்காட்டுக் குளிருக்காக வாங்கும் சுற்றுலாப் பயணிகளும்தான். இதை முதலில் யோசிக்கச் சொல்வதற்குக் காரணம், ஷூவுக்குள் போகும் படம் யாருக்கும் தெரியாது.

ஆகவே கணுக்காலுக்கு மேல் அரைக்கெண்டை வரை வரும் உயரமே நல்ல தேர்வு. கணுக்காலோடு நிற்கும் குட்டை சாக்ஸில் படத்துக்கு இடமே இல்லை. கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் செருப்புக்குப் பொருந்தும், ஆனால் எல்லா யூனிட்டும் அதைச் செய்வதில்லை. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

அளவும் இப்போதே முடிவாக வேண்டும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு போதும். பெரும்பாலும் ஊசி எண்ணிக்கை மாறாமல் பாதத்தின் பின்னல் வரிசைகள் மட்டும் கூடிக் குறையும், அதனால் கால் பகுதியின் படத்தைத் தொட வேண்டியதில்லை. குழந்தைகள் சாக்ஸ் அப்படியல்ல. அதற்கு ஊசிகள் குறைந்த வேறு மிஷின், வேறு படம். பெரியவர் படத்தைச் சுருக்கிக் குழந்தைக்குப் போட முடியாது.

3. பின்னலா, அச்சா

நூலிலேயே நிறம் மாற்றிப் படத்தைப் பின்னுவது ஒரு வழி. வெள்ளை பாலியெஸ்டர் சாக்ஸ் மேல் சூட்டில் சாயத்தை ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு இன்னொன்று.

அச்சில் புகைப்படமே வரும், பத்து ஜோடிகூடப் போடலாம். ஆனால் காலில் மாட்டி இழுத்தால் உள்ளே இருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். தட்டையாக வைத்து அழுத்தினால் இரு பக்கமும் கோடு விழும். அந்தச் சாயம் பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. சேலத்தில் மே மாதம் பாலியெஸ்டர் சாக்ஸை ஒரு நாள் போட்டவர் மறுபடி வாங்க மாட்டார்.

நினைவுப்பொருளாகக் கொடுக்கும் சாக்ஸ் பல வருஷம் உழைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் பின்னலையே சொல்கிறேன். கீழே வருவதெல்லாம் பின்னலுக்கானவை. சீப்பால் வாரிய (கோம்ப்டு) பருத்தி நூல் முக்கால் பங்குக்கு மேல், மீதியில் நைலான், அதோடு இரண்டு மூன்று சதவீதம் லைக்ரா என்ற கலவை பொதுவாகப் புழங்குகிறது. நைலான் குதிகாலும் விரல் நுனியும் தேயாமல் காக்கும், லைக்ரா தொளதொளக்காமல் பிடித்து நிறுத்தும். நூறு சதவீதப் பருத்தி வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், இரண்டு சலவையில் கீழே இறங்கிவிடும்.

4. காலில் வரக்கூடாதவை

ஊர்ப்பெருமை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கோட்டை மாரியம்மனும் சேர்வராயன் கோயிலும்தான். இரண்டையும் சாக்ஸில் போடாதீர்கள். சாமி, கோபுரம், சூலம், வேல் எதுவும் காலில் வரக்கூடாது. எந்த மதத்துக்கும் இதே விதி. வாங்குகிறவர் மனம் புண்படுவதோடு, விற்கும் கடைக்காரர்தான் முதலில் திட்டு வாங்குவார். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், அந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் எந்த மனிதரின் முகத்தையும் பாதத்தில் பதிக்க வேண்டாம். இவை எல்லாம் வேண்டுமென்றால் பாக்கெட்டோடு தரும் அட்டையில் வரட்டும்.

தேசியக் கொடிக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. இடுப்புக்குக் கீழே அணியும் எந்த உடையிலும் கொடியைப் பயன்படுத்துவது 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மூவர்ணப் பட்டையைக்கூடக் கொடியின் நிற வரிசையில் போடாமல் இருப்பது நல்லது. மத்திய, மாநில அரசு முத்திரைகளையும் வணிகப் பொருளில் போட முடியாது, 1950-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ரயில்வே சின்னம், போக்குவரத்துக் கழகச் சின்னம் ஆகியவையும் வேண்டாம். மஞ்சள் ரயில் நிலையப் பலகை என்ற வடிவம் போதும், சின்னம் தேவையில்லை.

எழுத்தைப் பொறுத்தவரை கணுக்காலுக்கு மேலே ஊர்ப் பெயர் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உள்ளங்காலில் இருந்தால் சொல்வார்கள். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர் நம்முடையது. தமிழெழுத்தை மிதிக்க வைக்காதீர்கள்.

பழைய அட்டையிலிருந்து படம் எடுப்பதாக இருந்தால் உரிமையைப் பாருங்கள். ஓவியருக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு, புகைப்படத்துக்கு வெளியான பிறகு 60 ஆண்டு. அப்படியே எடுக்காமல், பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக வரைவதே நேர்மையும் பாதுகாப்பும்.

5. என்ன வரையலாம்

பழைய லேபிளும் பயண போஸ்டரும் ஏன் சாக்ஸுக்குப் பொருந்துகின்றன என்றால், அவை சில மைகளில் நிழல் இல்லாமல் பட்டையாக அச்சானவை. மலை ஒரு பச்சை, பின்மலை ஒரு நீலம், வானம் ஒரு மஞ்சள். சாக்ஸ் மிஷினாலும் அதுதான் முடியும். வண்ணம் மெல்ல மெல்லக் கரைவதை நூலால் காட்ட முடியாது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தைக் காட்டவும் மூன்று தட்டையான மலை வரிசையே போதும், அதுவே அந்தக் கால அட்டையின் அழகு.

சேலத்துக் கருக்களில் எனக்கு மிகப் பிடித்தது கொலுசு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு எங்கே இருக்குமோ, சாக்ஸிலும் அதே கணுக்கால் இடத்தில் ஒரு வளையமாக ஓடும். கருவும் இடமும் இப்படித் தானாகப் பொருந்துவது அரிது. சின்ன அலகு ஒன்று திரும்பத் திரும்ப வருவதால் வரையவும் எளிது.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இன்னொன்று. கால் நெடுக வளைந்து ஏறும் ஒரே சாலை. கணுக்காலில் முதல் வளைவு, மேல் விளிம்பில் இழுபடும் ரிப் பட்டைக்குக் கீழே இருபதாவது. கால் பகுதியில் 200 வரிசை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு வளைவுக்குப் பத்து வரிசை. வளைவுகளைக் குறைத்துவிடாதீர்கள். பைக்கில் ஏறிப் பழகியவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

மல்கோவா, தட்டுவடை செட், காப்பிப் பழக்கொத்து, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக், கமலா ஆரஞ்சு, காட்டெருமை, ஏரிப் படகு எல்லாம் நன்றாக வரும். மேட்டூர் அணையின் 16 கண் மதகு வரிசையாக ஓடுவதற்கென்றே அமைந்த உருவம். 0427, 04281 போன்ற தொலைபேசிக் குறியீடும், டி.என். 27, டி.என். 30 போன்ற வண்டி எண்ணும் உள்ளூர்க்காரருக்கு உடனே புரியும் அடையாளங்கள்.

இங்கே அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று. மலை வாசஸ்தலம் என்றதும் ஓவியர் தேயிலைத் தோட்டமும் மலை ரயிலும் வரைந்து கொடுத்துவிடுகிறார். அது ஊட்டி. ஏற்காட்டுக்கு ரயிலே இல்லை, இங்கே தோட்டம் என்றால் காப்பி. அதனால் ‘ஏற்காடு’ என்று மஞ்சள் ரயில் நிலையப் பலகையும் வரையாதீர்கள். அந்தப் பலகை சேலம் சந்திப்புக்கு உரியது. பலகையில் கடல்மட்ட உயரமும் போடுவதானால், நிலையத்துக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் ஒருவர் பார்த்துத் தலையசைக்காத படத்தை யூனிட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

6. ஊசிக் கணக்கும் கட்டமும்

சாக்ஸ் மிஷின் என்பது வட்டமாக ஊசிகள் நிற்கும் ஓர் உருளை. ஒரு ஊசி ஒரு கண்ணி. 96, 120, 144, 168, 200 என்று பல எண்ணிக்கையில் மிஷின்கள் உண்டு. ஊசி கூடக் கூடக் கண்ணி சிறிதாகும், படம் நுணுக்கமாகும். விளையாட்டுக்கான தடித்த சாக்ஸுக்குக் குறைந்த ஊசியும், ஷூவுக்கு ஏற்ற மெல்லிய சாக்ஸுக்கு 168-ம் அதற்கு மேலும் பயன்படும். படம் போட 168 இருந்தால் நிம்மதி.

168 ஊசி என்றால் காலைச் சுற்றி 168 கட்டம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் 84 கட்டம் தெரியும். ஓரங்கள் வளைந்து மறைந்துவிடுவதால் முக்கியமானதை நடுவில் உள்ள 60 கட்டத்துக்குள் வையுங்கள்.

சுற்றி ஓடும் கொலுசு, மதகு போன்றவற்றுக்கு வகுத்தல் கணக்கு உண்டு. அலகின் அகலம் ஊசி எண்ணிக்கையை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். 168-க்கு 8, 12, 14, 21, 24, 28 எல்லாம் சரி. 10 சரிவராது, கடைசியில் 8 கட்டம் மிஞ்சிப் பின்பக்கம் ஒரு ஒட்டு தெரியும். 16 மதகையும் முழுதாகக் காட்ட வேண்டுமென்றால் 144 ஊசி மிஷினில் ஒரு மதகுக்கு 9 கட்டம் என்று அழகாக அடைபடும். 168-இல் அடைபடாது. மிஷினை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது எல்லோரும் சறுக்கும் இடம். கண்ணி சதுரமல்ல, அகலம் கூடுதல், உயரம் குறைவு. திரையில் சதுரக் கட்டத்தில் வட்டமாக வரைந்த ஆரஞ்சு, பின்னி வரும்போது எலுமிச்சை மாதிரி படுத்துவிடும்.

இதற்குத்தான் அந்த வெற்று ஜோடி. அதில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரம் குறித்து, குறுக்கே எத்தனை கண்ணி, நெடுக்கே எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். உதாரணத்துக்குக் குறுக்கே 40, நெடுக்கே 55 என்று வந்தால், உயரத்தை அகலத்தைப்போல் 1.375 மடங்கு நீட்டி வரைய வேண்டும்.

அதோடு விடாதீர்கள். அதே சாக்ஸை ஒருவர் காலில் மாட்டி மறுபடி எண்ணுங்கள். சாக்ஸ் அகலவாக்கில் விரிந்து, குறுக்கே 32, நெடுக்கே 56 என்று மாறியிருக்கலாம். இப்போது விகிதம் 1.75. கடையில் தொங்கும்போது ஒரு விகிதம், காலில் இன்னொரு விகிதம். நான் இரண்டுக்கும் நடுவில், அணிந்த நிலைக்குச் சற்று அருகில் நிறுத்தச் சொல்வேன். இந்த உதாரணத்தில் 1.6. அப்படியென்றால் 40 கட்டம் அகலமுள்ள மாம்பழத்துக்கு உயரம் 64 கட்டம்.

உங்கள் யூனிட்டின் நூலும் இறுக்கமும் வேறு, ஆகவே எண்ணும் வேறு. மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்களே எண்ணுங்கள்.

7. படம் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து

மிஷின் மேல் ரிப்பில் தொடங்கி விரல் நுனியில் முடிக்கும். பல மிஷின்களில் குதிகாலும் விரல் பகுதியும் பாதி ஊசிகள் முன்னும் பின்னும் ஆடிப் பின்னுபவை. அங்கே படம் வராது, ஒரே நிறம்தான். மலைக்குப் பச்சைக் குதிகால், காப்பிக்குப் பழச்சிவப்பு என்று அந்த நிறத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்தால் சாக்ஸ் முழுமையாகத் தெரியும்.

இரு காலுக்கும் ஒரே புரோகிராம் ஓட்டுவதுதான் வழக்கம். அப்போது பக்கவாட்டில் ஒரு படம் மட்டும் வைத்தால், வலது காலில் வெளிப்பக்கம் தெரியும் படம் இடது காலில் உள்பக்கம் போய்விடும். அதனால் இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள், 84-க்கு 84. இல்லையென்றால் இடது, வலது என்று தனிப் புரோகிராம் கேளுங்கள். அதற்குக் கூடுதல் செலவும், ஜோடி சேர்க்கும்போது கூடுதல் கவனமும் வேண்டும்.

புறங்காலில் வைக்கும் படத்துக்குத் திசை முக்கியம். கால் பகுதியில் நிமிர்ந்து நிற்கும் படத்தை அப்படியே கீழே தொடர்ந்தால், எதிரில் நிற்பவருக்கு நேராகவும் போட்டிருப்பவருக்குத் தலைகீழாகவும் தெரியும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து தெரியும் காட்சியை, போட்டிருப்பவர் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தால் திருப்பி வையுங்கள். யாருக்காக என்று முடிவு செய்து, கோப்பில் ‘ரிப் பக்கம்’ என்று அம்புக்குறி போட்டே அனுப்புங்கள்.

8. நிறமும் உள்ளே மிதக்கும் நூலும்

ஒரு வரிசையில் தரை நிறத்தோடு ஐந்து, ஆறு நிறம் வரை எடுக்கும் மிஷின்கள் உண்டு. எடுக்க முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் போடாதீர்கள். ஒரு வரிசைக்கு மூன்றோடு நிறுத்தினால் சாக்ஸ் மெல்லிசாக, இழுத்தால் விரிவதாக இருக்கும். நிறம் கூடினால் தடித்து, குதிகால் நுழையவே இறுகும். மேலே மூன்று, நடுவில் வேறு மூன்று என்று வரிசைக்கு வரிசை நிறத்தை மாற்றிக்கொண்டால் மொத்தத்தில் வண்ணமயமாகவே தெரியும்.

ஒரு நிற நூல் தேவைப்படாத இடத்தில் உள்பக்கமாக மிதந்து போகும். நீளமாக மிதந்தால் மிஷினின் கத்தி அதை வெட்டிவிடும், முனைகள் உள்ளே நிற்கும். வெட்டாமல் விட்டால் விரல் மாட்டிக்கொள்ளும். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தால்தான் இது தெரியும். திரையில் படத்தை மட்டும் பார்க்கும் ஓவியர் இதை யோசிப்பதேயில்லை.

இரவில் ஏற்காட்டிலிருந்து கீழே தெரியும் சேலத்தின் விளக்குகளை வரையப் பலர் ஆசைப்படுகிறார்கள். கருநீலத்தில் அங்கங்கே ஒரு மஞ்சள் புள்ளி. ஒவ்வொரு தனிப் புள்ளிக்கும் இரண்டு வெட்டு முனை, உள்ளே முள்ளு முள்ளாகக் குத்தும், துவைத்தால் புள்ளியே அவிழும். விளக்குகளை இரண்டிரண்டு கண்ணியாக, நான்கைந்து கண்ணி இடைவெளியில் ஒரே வரிசையில் நெருக்கி வையுங்கள். நூல் வெட்டுப்படாமல் ஓடும். சில வரிசையில் விளக்கு, அடுத்த பல வரிசைகள் வெறும் கருநீலம் என்று விட்டால் தெருக்கள் போலவும் தெரியும்.

நிறங்களை ஷேட் கார்டிலிருந்து மட்டுமே எடுங்கள். திரையில் பார்த்த பச்சைக்கு நூல் இருக்காது. தனியாகச் சாயமேற்றச் சொன்னால் குறைந்தபட்ச எடைக்கு நூல் எடுக்க வேண்டிவரும், சிறிய ஆர்டருக்குக் கட்டாது.

9. எழுத்து

தமிழ் எழுத்துக்கு வளைவும் சுழியும் அதிகம். 12 வரிசைக்குக் குறைந்த உயரத்தில் முயலவே வேண்டாம். நீட்டல் விகிதத்தையும் சேர்த்தால் 18, 20 வரிசை வரும், அதுவே நல்லது. கோட்டின் கனம் குறுக்கே இரண்டு கண்ணி. ஒற்றைக் கண்ணிக் கோடு, காலில் விரியும்போது தரை நிறத்துக்குள் மறைந்துவிடும்.

புள்ளி இரண்டு கண்ணி, மூன்று வரிசை இருக்கட்டும். சேலத்தில் ‘ம்’ புள்ளி போனால் சேலம ஆகிவிடும். ‘ஏ’ எழுத்தின் அடிச்சாய்வு கண்ணுக்குத் தெரியும்படி நீளட்டும், இல்லையென்றால் எற்காடு என்று படிப்பார்கள். துணைக்காலையும் ‘ர’வையும் பிரித்துக் காட்டுவது இன்னும் கடினம். கணினி எழுத்துருவைச் சுருக்கி ஒட்டாமல் ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தில் கையால் வையுங்கள். எழுதி முடித்ததும், அந்த வார்த்தை என்னவென்று தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

10. கோப்பைத் தயார் செய்வது

ஒரு கட்டம் ஒரு பிக்சல். 168 ஊசி என்றால் கோப்பின் அகலம் 168 பிக்சல், அதற்கு மேல் ஒன்றும் கூடாது. நிறப்பட்டியலை ஷேட் கார்டு நிறங்களோடு பூட்டிவிடுங்கள். ஓரங்களை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு பென்சில் கருவியால் மட்டும் வரையுங்கள். அந்த வசதி இயங்கினால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பத்து நிறம் புகுந்துவிடும், மிஷின் ஒவ்வொன்றையும் தனி நூலாகக் கேட்கும்.

பி.எம்.பி. வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், அது நிறத்தைச் சிதைக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் சுருக்கிவிடும், மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஷேட் எண், குதிகால், விரல், ரிப் நிறம், அளவு ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.

11. ஓவியரோடு எழுத்தில் ஒப்பந்தம்

நண்பர்தானே என்று விடாதீர்கள். படத்தின் உரிமையை மாற்றித் தருவது கையெழுத்திட்ட எழுத்திலும், பயன்படுத்த அனுமதி தருவது எழுத்திலும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்கு, ஒரே தொகையா, ஜோடிக்கு இவ்வளவா என்று எழுதுங்கள். ஓவியரின் பெயர் பாக்கெட்டில் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். படம் வரைந்தவர் பெயரில்லாமல் விற்கும் நினைவுப்பொருளை நான் ஆதரிப்பதில்லை.

படத்தைப் பிறர் நகலெடுப்பார்கள் என்ற கவலை இருந்தால், விற்கும் முன்பே, இன்ஸ்டாகிராமில் போடும் முன்பே டிசைன் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். டிசைன் சட்டப்படி பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, இயந்திரத்தில் 50-க்கு மேல் செய்துவிட்டால் அந்த வடிவத்தின் பதிப்புரிமை போய்விடும். சாக்ஸில் 50 ஜோடி முதல் நாளிலேயே தாண்டும். வெளியிட்ட பிறகு விண்ணப்பித்தால் புதுமை இல்லை என்று தள்ளப்படும். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

12. சாம்பிளைச் சோதிப்பது

சாம்பிள் வந்ததும் முன்பக்கத்தை ரசிப்பதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்புங்கள். வெட்டு முனைகள் சீராக இருக்கின்றனவா, நீண்ட இழை தொங்குகிறதா என்று பாருங்கள். விரல் நுனித் தையலைக் கட்டைவிரலால் தடவுங்கள். மேடு தட்டினால் ஷூவுக்குள் உறுத்தும், லிங்கிங்கை, அதாவது விரல் நுனியை மூடும் முறையை, மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் விற்கப்போகும் அளவிலேயே பெரிய காலுள்ள ஒருவருக்கு மாட்டுங்கள். படம் விரிந்து பல்லிளிக்கிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, குதிகால் குதிகாலில் உட்காருகிறதா? குதிகால் மேலே ஏறினால் கணுக்காலில் இருக்க வேண்டிய கொலுசும் ஏறிவிடும்.

சாயம் ஒட்டுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் இது கட்டாயம். மூன்று முறை துவைத்துக் காயவைத்து, நீளத்தைத் துவைக்கும் முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். புது சாக்ஸ் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். உலோகக் கால் வடிவில் மாட்டி ஆவியில் படிய வைத்துத்தான் யூனிட் அனுப்புகிறது, முதல் சலவையில் அந்தப் படிவு போனபிறகுதான் உண்மை முகம்.

திருத்தம் சொல்லும்போது ‘மாம்பழம் இன்னும் அழகாக வேண்டும்’ என்றால் யூனிட்காரருக்குப் புரியாது. ‘மாம்பழத்தின் உயரத்தில் 6 வரிசை கூட்டுங்கள்’ என்று கோப்பைத் திருத்தி அனுப்புங்கள். ஒப்புக்கொண்ட சாம்பிளில் ஒரு ஜோடியில் தேதி எழுதி நீங்களும், ஒரு ஜோடியை யூனிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பேச்சு வந்தால் அதுதான் சாட்சி.

13. ஆர்டரும் விலையும்

குறைந்தபட்ச ஆர்டர் யூனிட்டுக்கு யூனிட் மாறும். கேட்கும்போது டிசைனுக்கா, நிறத்துக்கா, அளவுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். அதே எண் மூன்று இடத்தில் பெருகினால் கடை முழுக்கச் சாக்ஸ்தான். முதல் தடவை இரண்டு டிசைனுக்கு மேல் போகாதீர்கள். ஒன்று சேலம், ஒன்று ஏற்காடு.

விலையை அடக்கத்திலிருந்து மேலே கட்டுங்கள். பின்னல் கூலி, நூல், லிங்கிங், போர்டிங் (ஆவியில் படிய வைப்பது), ஓவியர் பங்கு, சாம்பிள் செலவு, பாக்கெட், வண்டி வாடகை, கழிவாகும் ஜோடிகள் என்று எல்லாம் சேர்த்தால் வருவது அடக்கம். அதன் மேல் கடைக்காரர் பங்கு. ஏற்காட்டுக் கடைகளில் பேரம் உண்டு, அதற்கும் இடம் விட்டே எம்.ஆர்.பி. வையுங்கள். சாக்ஸ் ஜி.எஸ்.டி.யில் 6115 தலைப்பில் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மிகாத ஆயத்த ஆடைகளுக்கு 5 சதவீதம், இதுவும் அதில் அடங்கும்.

சரக்கை ஏப்ரல் நடுவிலேயே மலைமேல் சேர்த்துவிடுங்கள். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாதம், கூட்டம் அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் படம் ஜனவரியில் முடிந்திருக்க வேண்டும்.

14. பாக்கெட்டும் அட்டையும்

மூடிய பாக்கெட்டில் தயாரிப்பவர் அல்லது பாக்கெட் போடுபவர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட எம்.ஆர்.பி., புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். அளவையும் நூல் கலவையையும் சேர்த்துப் போடுங்கள். சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர், பருத்திச் சாக்ஸ் பாக்கெட்டில் அதை அலங்காரத்துக்குக்கூடப் போடாதீர்கள்.

சாக்ஸைச் சுற்றும் அட்டையை 14 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவில், தபால் அட்டை மாதிரி அடியுங்கள். ஒரு பக்கம் ஓவியரின் முழுப் படம், சாக்ஸில் அடங்காத நிறங்களோடு. மறுபக்கம் முகவரிக்கும் தபால்தலை ஒட்டவும் இடம். வாங்கியவர் அதைப் பிரித்து ஏற்காடு 636601 தபால் நிலையத்திலிருந்தே வீட்டுக்கு அனுப்பலாம், கட்டணத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். எம்.ஆர்.பி. விவரத்தை இந்த அட்டையில் அடிக்காமல் வெளிக் கவரில் ஒட்டுங்கள், இல்லையென்றால் விலையோடு தபாலில் போகும்.

கடையில் ஒரு ஜோடியைப் பிரித்து மரக்கால் வடிவிலோ, நீளத் துணி திணித்தோ நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மடித்த சாக்ஸில் இருபது வளைவும் தெரியாது. நிறுத்தி வைத்ததில் தெரியும், கைநீட்டி எடுத்தும் பார்ப்பார்கள். அந்த ஜோடி வெயிலில் வெளுக்கும் என்பதால் மாதம் ஒரு முறை மாற்ற, முதல் ஆர்டரிலேயே கடைக்குச் சில ஜோடிகள் தனியாக ஒதுக்கிக் கொடுங்கள்.